பாய் விரிக்காத மாதங்கள்

எங்கள் வீட்டின் பின்புறத்தில், பொடக்காளி என்று நாங்கள் சொல்லும் இடத்தில், துவைக்கும் கல்லுக்கு மேலே கூரைச் சந்தில் ஒரு கோரைப்பாய் சுருட்டிச் செருகியிருக்கும். மாதவிலக்கானால் மூன்று நாள் அதுதான் என் இடம். அங்கேயே படுக்கை, அங்கேயே சாப்பாடு. தட்டும் டம்ளரும் தனி. நான்காம் நாள் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம். சூலூர்ப் பக்கம் எங்கள் தெருவில் இன்னும் பல வீடுகளில் இப்படித்தான்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்ல அந்தப் பாயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பிறந்த குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா தென்னந்தோப்புகளில் கூலி வேலை பார்த்தவர். அம்மா சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லுக்கு இன்றும் ஷிப்டு போகிறாள். நான் முதல் பட்டதாரிச் சலுகையில் எலெக்ட்ரிகல் படித்து, ஒரு பம்ப்செட் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு மோட்டார்கூட கேட்டைத் தாண்டாது. அப்படிப்பட்டவள், கல்யாணமான முதல் மாதமே என் வீட்டுச் சமையலறைப் படியைத் தாண்டக்கூடாது என்றால் சும்மா இருப்பேனா? மாமியாரிடம் சண்டை போட்டேன். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

“அத்தை, இது உடம்பு செய்யற வேலைங்க. இதுல தீட்டு எங்கிருந்து வந்துச்சு?”

“படிச்ச புள்ள சொல்றது சரியாத்தான் இருக்கும் கண்ணு,” என்றார் அவர், வெங்காயம் உரித்துக்கொண்டே. “ஆனா எங்கூட்டுச் சாமி படிக்கலையே.”

சிரித்துவிட்டேன். சிரித்ததால் தோற்றேன். அன்றிலிருந்து ஆபீஸ் விட்டு வந்து ஸ்கூட்டரைப் பின்பக்கம் நிறுத்தி, பாயில் உட்கார்ந்து காபி குடிப்பது மாதாமாதம் நடந்தது.

பாய்க்கு ஒரு குணம் உண்டு. அது எல்லோருக்கும் தெரியும்படி கிடக்கும். பின்சந்தில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள், தறிக்குடோனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். இந்த மாதமும் கரு தங்கவில்லை என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. ஆனால் அதே பாய்தான் எனக்காகப் பேசவும் செய்தது. “அம்மணிக்கு மாசந் தவறாம டாண்ணு வருதே, அவகிட்ட கொறையில்ல,” என்று அத்தையே பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் குறை யாரிடம் என்று அவர்கள் சொல்லவில்லை. செந்திலைப் பார்த்தார்கள்.

செந்தில் என் கணவர். மோட்டாருக்குக் காயில் என்னும் செம்புக்கம்பிச் சுருள் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். கல்யாணமான மூன்றாம் வருடம், யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய்த் தன் விந்துப் பரிசோதனையைச் செய்துகொண்டு வந்தார். எல்லாம் சரியாக இருந்தது. என்னிடம் மட்டும் சொன்னார். அத்தையிடம், “ரெண்டு பேருக்கும் இன்னும் நெறைய பாக்கோணுமாமா,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தன் மேல் விழுந்த பார்வையைத் துடைத்தெறிய ஒரு வார்த்தை போதும். அதை அவர் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பார்வை எங்கே போய் விழும் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கோ அப்போதும் பயமில்லை. என் உடம்பு கடிகாரம் போல நடக்கிறது என்று நம்பினேன்.

அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது ஒரு மாத்திரை. கல்லூரி முதல் வருடத்தில் எனக்கு மாதக்கணக்கில் விலக்கு நின்றுபோனது. அம்மா மில்லுக்கு லீவு போட்டு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஹார்மோன் மாத்திரை எழுதி, சில மாதங்கள் சாப்பிட்டுவிட்டு மறுபடி வரச்சொன்னார். மூன்று வாரம் மாத்திரை, ஒரு வாரம் இடைவெளி. அந்த இடைவெளியில் விலக்கு தவறாமல் வந்தது. வந்ததும் அம்மா குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தாள். வந்துவிட்டதே, மறுபடி எதற்கு டாக்டர்? அதே மருந்துக்கடையில் அதே அட்டையை அம்மா வாங்கிக்கொண்டே இருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நானே வாங்கினேன். ஒளித்துச் சாப்பிடவில்லை. சர்க்கரைக்காரர்கள் மாத்திரை போடுவதுபோல எல்லோர் முன்னாலும் போட்டேன். அத்தை தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்.

நான்காம் வருடம் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். விலக்கு சரியாக வருகிறதா என்றார். கொஞ்சம் பெருமையாகவே தலையாட்டினேன். வேறு மருந்து ஏதாவது என்றார். பையிலிருந்து அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இத எத்தன வருசமா சாப்பிடறீங்க?”

சொன்னேன்.

“குழந்தைக்கு முயற்சி பண்றப்பவுமா?”

“ஆமாங்க. மாசம் சரியா வர்றதுக்குங்க.”

“அம்மா, இது கருத்தடை மாத்திரைங்க.”

செந்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அறையில் இருந்தவர்களில் அதிகம் படித்தவர்கள் டாக்டரும் நானும்தான்.

டாக்டரம்மா அன்று விளக்கியதை, என்னைப் போல நினைத்துக்கொண்டிருக்கும் மற்ற பெண்களுக்காக எழுதுகிறேன். சினைப்பைக்குள் கருமுட்டைகள் பிறக்கும்போதே இருக்கின்றன, புதிதாக உண்டாவதில்லை. மாதாமாதம் அவற்றில் ஒன்று முதிர்ந்து வெளியே வரும். இதுதான் கருமுட்டை வெளிப்படுதல். பெரும்பாலும் அடுத்த விலக்குக்கு இரண்டு வாரம் முன்னால் நடக்கும். ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் முன்பின் ஆகும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு உள்ளே சில நாள் உயிரோடு இருக்கும். எனவே முட்டை வருவதற்கு முந்தைய சில நாட்களும் வருகிற நாளும்தான் கரு உண்டாகும் காலம். கரு தங்கவில்லையென்றால், அதற்காகக் கருப்பையில் தடித்திருந்த சவ்வு கரைந்து இரத்தமாக வெளியேறும். அதுதான் விலக்கு.

“ஆனா முட்டை வராமலும் ரத்தம் வரலாம்,” என்றார். “இந்த மாத்திரை முட்டையை வர விடாது. நிறுத்துற வாரம் ஹார்மோன் குறையும், ரத்தம் வரும். அது மாத்திரையோட ரத்தம். உங்க விலக்கு இல்லீங்க.”

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் டெஸ்டிங் மேடையில் சில நேரம் மோட்டார் சீராக, அழகாகச் சுற்றும். குழாயில் தண்ணீர் ஏறாது. ஓடுகிற சத்தத்தை வைத்து மோட்டாரைப் பாஸ் செய்கிறவனை நான் வேலையை விட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று நாங்கள் சந்தோஷமாகத்தான் வீடு திரும்பினோம். இவ்வளவுதானா! மாத்திரையை நிறுத்தினால் போதும். டாக்டரம்மா நிறுத்திவிட்டு, விலக்கு தானாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டு வரச்சொன்னார். வழியில் செந்தில் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார். “இஞ்சினீயரம்மா,” என்று மட்டும் சொன்னார். இருவரும் சிரித்தோம். அத்தையும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “நானே தண்ணி மோந்து குடுத்திருக்கறனே சாமி!”

அந்த மாதம் பாய் விரிக்கவில்லை.

அடுத்த மாதமும் விரிக்கவில்லை.

முதல் மாதம் அத்தை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் மாதம் தண்ணீர்க் குடத்தை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். சந்தையிலிருந்து கிளிமூக்கு மாங்காய் வந்தது, எனக்கென்று ஒரு சாடி ஊறுகாய் போட்டார். பின்சந்தில் குரல்கள் தணிந்தன. ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப்பார்த்து, “ஏனுங்க, மருமக முழுகாம இருக்குதாட்ட இருக்குது?” என்று கேட்க, அத்தை, “கண்ணு வெக்காதீங்க, போங்க அந்தப்பக்கம்,” என்று விரட்டினார். அந்த விரட்டலில் இருந்த கொண்டாட்டத்தை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் குச்சி வாங்கிப் பரிசோதித்தேன். ஒரு கோடுதான், கரு இல்லை. அத்தையிடம் காட்டினேன்.

“அந்தக் குச்சிக்கு என்ன கண்ணு தெரியும்? ஓரொருத்திக்கு மெதுவாத்தான் காட்டும்.”

“அப்படியெல்லாம் இல்லீங்க அத்தை.”

“உனக்கு ஒடம்பு எப்படிக் கொதிக்குதுன்னு நான் பாக்கலயா?”

அது உண்மை. திடீரென்று மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும். விடிகாலைக் குளிரிலும் ரவிக்கை நனைந்துபோகும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பிள்ளைத்தாய்ச்சிக்கு உடம்பு சூடுதான் என்றார் அத்தை. சொல்லிவிட்டு விசிறியை எடுத்து எனக்கு வீசினார். நான் படித்தவள், அந்த ஒற்றைக் கோட்டைக் கண்ணால் பார்த்தவள். ஆனாலும் அந்தக் காற்றில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நேரத்தில் அவர் சொல்வதை நம்பினேன்.

மறுபடி மருத்துவமனைக்குப் போனபோது உள் ஸ்கேன் எடுத்தார்கள். பிறப்புறுப்பு வழியாக ஒரு குழாயைச் செலுத்திப் பார்ப்பது. வலியைவிடக் கூச்சம்தான் அதிகம். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். எனக்கு அந்தத் தேடல் தெரியும். மோட்டாரில் குறை கண்டுபிடிக்க நானும் அப்படித்தான் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வருவேன்.

இரத்தம் எடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து மறுபடி எடுத்தார்கள். இரண்டும் ஒன்றையே சொன்னபிறகுதான் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். மூளையிலிருந்து சினைப்பைக்கு ‘முட்டையை வளர்’ என்று ஆணையிடும் ஹார்மோன் ஒன்று உண்டு. அங்கே பதில் இல்லாதபோது அது உரக்கக் கத்தும். என் இரத்தத்தில் அது கத்திக்கொண்டிருந்தது. முட்டைகளின் இருப்பைக் காட்டும் இன்னொரு ஹார்மோன் ஏறக்குறைய இல்லை. சினைப்பை காலத்துக்கு முன்பே ஓய்ந்துபோவது என்று இதைச் சொல்கிறார்கள். வயதான பிறகு வரவேண்டியது இருபதுகளில் வந்துவிட்டது. அந்தச் சூடும் அதனால்தான். விலக்கு நின்று சில வருடங்கள் ஆன என் அத்தை இருக்கும் அதே நிலையில் நானும் இருக்கிறேன்.

“மாத்திரையாலயாங்க?” என்று செந்தில் கேட்டார்.

“இல்லீங்க. மாத்திரை முட்டையைத் தீர்க்காது. உள்ள நடந்துட்டிருந்தத வெளிய தெரியாம மறைச்சிருச்சு, அவ்வளவுதான். கல்லூரியில நின்னுச்சே, அப்பவே ஆரம்பிச்சிருக்கும்.”

அவ்வளவுதான் என்ற வார்த்தையை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா ஷிப்டு முடிந்து நேராக வந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நாந்தான் மாத்திர வாங்கிக் குடுத்துக் கெடுத்துப்போட்டனா கண்ணு?”

“இல்லம்மா. டாக்டர் தெளிவா சொல்லிட்டாங்க. மாத்திரையால இல்ல.”

“அப்பறம் எதனால?”

“தெரியாதுங்கறாங்க. நெறையப் பேருக்குக் காரணமே தெரியாதாமா.”

“காரணமில்லாம எப்படி நிக்கும்?” என்றாள். அம்மாவின் மில்லில் நூல் சுற்றும் ஸ்பிண்டில் நின்றால் காரணம் இருக்கும். காரணத்தைக் காட்டாவிட்டால் சூப்பர்வைசர் திட்டுவார். காரணமில்லாமல் நிற்பது என்று ஒன்று அவள் உலகத்தில் கிடையாது. எனவே தன்னையே காரணமாக வைத்துக்கொண்டாள். எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டுவாள், நம்பமாட்டாள். என் படிப்பு எல்லாம் சேர்ந்து அவளை அந்த ஒன்றிலிருந்து மீட்க முடியவில்லை.

முட்டையை வளர்க்கும் ஊசியை ஒரே ஒரு சுற்று போட்டுப் பார்க்கலாம், எதிர்பார்ப்பு வேண்டாம் என்றார் டாக்டரம்மா. எதிர்பார்ப்பில்லாமல் யாராவது தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்வார்களா? தினமும் செந்தில்தான் போட்டுவிடுவார். மெல்லிய செம்புக்கம்பியைக் காயிலில் கோர்க்கிற விரல்கள். வலிக்கவே வலிக்காது. அவர் முகத்தைப் பார்த்தால்தான் வலிக்கும். ஊசிக்கும் ஸ்கேனுக்கும் போகிற பணத்தைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பட்டறைக்கு வாங்குவதாக இருந்த புது மிஷின் பேச்சு மட்டும் நின்றுபோனது.

அந்த நாட்களில்தான் காத்திருப்பு அறையைத் தெரிந்துகொண்டேன். முட்டை வளரும் நீர்ப்பை எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று ஸ்கேனில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து சொல்வார்கள். வெளியே வந்ததும் பெண்கள் அதைப் பரீட்சை மார்க் போலச் சொல்லிக்கொள்வார்கள். “எனக்குப் பதினாறு.” “எனக்கு ரைட்ல பதினெட்டு, ஊசி போட்டு வெடிக்க வெக்கறாங்களாம்.” ஒருத்திக்குப் பதினெட்டு வந்தால், முட்டை முதிர்ந்துவிட்டதென்று மற்றவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

வால்பாறையிலிருந்து ஒரு அக்கா வருவார். எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறவர். முதல் பஸ்ஸில் இறங்கி, வந்ததும் வராததுமாகக் கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுப்பார். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி ஆசையாக, “என்னக்கா, விசேஷமா?” என்று கேட்டுவிட்டாள்.

“அட, இது கொண்டை ஊசி வாந்திம்மா,” என்றார் அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு. “நல்ல வாந்தி எடுக்கத்தான் இத்தன வளைவு எறங்கி வர்றேன்.”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு.

“உனக்கு எவ்வளவு கண்ணு?” என்று என்னைக் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சையில்கூட நான் மார்க்கை மறைத்ததில்லை. “எதுவும் வளரலைங்கக்கா,” என்றேன். அக்கா மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு மொறுமொறு வர்க்கி ரொட்டியை என் கையில் வைத்தார். அடுத்த முறையும் அதையேதான் சொன்னேன். அதற்கடுத்த முறை யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் வெளியே வரும்போது பேச்சை நிறுத்தி, இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் நல்ல பெண்கள். அதனால்தான் தாங்க முடியவில்லை.

ஊசியை நிறுத்திவிட்டார்கள். டாக்டரம்மா பொய் சொல்லாதவர். இந்த நிலையில் இருக்கும் சிலருக்கு எப்போதாவது ஒரு முட்டை தானாக வெளிப்படுவதுண்டு. அதை நம்பிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன் என்றார். வேறொரு பெண்ணின் முட்டையைத் தானமாகப் பெற்று, செந்திலின் விந்தணுவோடு சேர்த்து, என் கருப்பையில் வைக்கலாம். என் கருப்பை நன்றாக இருக்கிறது என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் குழந்தைக்கு என் அம்மாவின் மூக்கு வராது என்பதைத் தாண்டி என் யோசனை இன்னும் நகரவில்லை. செந்திலிடம் ஒருநாள், “நீங்க வேற கல்யாணம் பண்ணிக்கோங்க,” என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை என் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டு நிறுத்தியிருந்தார்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டரம்மா. சினைப்பை சுரக்க வேண்டிய ஹார்மோன் இல்லாவிட்டால் எலும்பு தேயும், இதயத்துக்கும் கெடுதல். எனவே அதை மாத்திரையாகச் சாப்பிட வேண்டும், இயல்பாக நிற்கும் வயது வரும்வரை. சாப்பிட்டால் மாதாமாதம் இரத்தமும் வரும்.

“முட்டை இல்லாமயே,” என்றேன்.

“ஆமாங்க. முட்டை இல்லாமயே.”

மறுபடி அட்டை. வேறு பெயர், வேறு நிறம். அத்தை மறுபடி தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவரிடம் எல்லாவற்றையும் செந்தில் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். சொன்ன அன்று அவர் மாங்காய் ஊறுகாய்ச் சாடியை யாருக்கும் தெரியாமல் எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. முன்பைவிட மெதுவாகப் பேசினார்.

போன மாதம்தான் முதன்முறையாக இரத்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. பழக்கத்தில் பொடக்காளிக்குப் போனேன். துவைக்கும் கல்லில் ஏறிப் பாயை உருவினேன். இத்தனை மாதத்தில் அதன் மடிப்பில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. தட்டிவிட்டு விரிக்கக் குனிந்தேன்.

அத்தை பின்வாசலில் நின்றார். கையில் அரிசி களைந்த ஈரம்.

“என்ன கண்ணு பண்ற?”

“வந்துருச்சுங்க அத்தை.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, வெறுப்பில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவ்வளவு இரக்கத்தோடு பார்த்தார். இறங்கி வந்து என் கையிலிருந்து பாயை வாங்கிச் சுருட்டினார்.

“அது மாத்திர ரத்தந்தானே சாமி. அதுக்கெல்லாம் தீட்டு இல்ல. நீ எதுக்கு இங்க உக்காரோணும்? உள்ள வா.”

கல்யாணமான முதல் மாதம் நான் சண்டை போட்டுக் கேட்டது இதைத்தான்.

சமையலறைக்குள் போனேன். யாரும் தடுக்கவில்லை.